ஏழாவது இலக்கம்

திண்டுக்கல் சாலைகளில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் முகப்பில் ‘டிஎன் 57’ என்றுதான் இருக்கும். டிஎன் என்றால் மாநிலம், 57 என்றால் நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். சின்னப் பிள்ளைகூட இதைச் சொல்லிவிடும். கடல் மீன் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் நுழைகிற வண்டியில் 65 என்று இருந்தால் ராமநாதபுரத்து வண்டி, 69 என்று இருந்தால் தூத்துக்குடி வண்டி என்று மீன் வாங்குகிறவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்த மீனைப் பிடித்து வந்த படகுக்கும் இதே போல ஓர் எண் உண்டு என்பது, கடற்கரையே இல்லாத நம் மாவட்டத்தில் அதிகம் பேசப்படாத செய்தி. அந்த எண்ணுக்குப் பின்னால் கண் மருத்துவம், ஒலியியல், கணிதம் மூன்றும் இருக்கின்றன. இருக்கவேண்டிய ஒன்று அதில் இல்லாமலும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ராமேசுவரத்து விசைப்படகு ஒன்றின் பக்கவாட்டில் ‘ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்’ என்று எழுதி, அதன் பின்னால் நான்கு இலக்கம் எழுதியிருப்பார்கள். ஐஎன்டி என்பது இந்தியா. டிஎன் தமிழ்நாடு. 10 என்பது அந்தக் கரைக்கான குறியீடு. கன்னியாகுமரிப் படகுகளில் இந்த இடத்தில் 15 இருக்கும். எம்எம் என்றால் விசைப்படகு. வெளியே இயந்திரம் மாட்டிய நாட்டுப்படகானால் எம்ஓ என்று வரும். இயந்திரமே இல்லாமல் பாயும் துடுப்புமாகப் போகிற கட்டுமரம், வள்ளம் போன்றவற்றுக்கு என்எம். கடைசி நான்கு இலக்கம் வரிசை எண். அதாவது நாடு, மாநிலம், கரை, கலத்தின் வகை, தனி எண் என்று பெரியதிலிருந்து சிறியதாக இறங்கி வருகிற முகவரி இது. பாதி அழிந்துபோன எண்ணிலிருந்தும் முன்பகுதியை மட்டும் வைத்துப் படகு எந்தக் கரையைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

இந்த ஒரே சீரான முறை மிகப் பழையது இல்லை. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் மாநிலத்துக்கு மாநிலம், துறைக்குத் துறை வெவ்வேறு பதிவுகள் இருந்தன. எல்லாவற்றையும் மாற்றியது 2008 நவம்பர் 26. மும்பையைத் தாக்க வந்தவர்கள் நடுக்கடலில் ‘குபேர்’ என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதிலேயே இந்தியக் கரையை நெருங்கினார்கள். கடலில் ஆயிரக்கணக்கான படகுகள் நிற்கும்போது எது யாருடையது என்று தொலைவிலிருந்து சொல்ல முடியவில்லை என்பது அன்றைக்கு எல்லோருக்கும் உறைத்தது. அடுத்த ஆண்டே 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் கீழிருந்த மீன்பிடிக் கலப் பதிவு விதிகள் திருத்தப்பட்டன. நாடு முழுவதற்கும் ஒரே எண் அமைப்பு வந்தது. படகுகளின் பதிவு ‘ரியல்கிராஃப்ட்’ என்ற இணையவழிப் பதிவேட்டுக்குள் போனது. கடலோர மாநிலங்களுக்குத் தனித்தனி வண்ணங்களும் ஒதுக்கப்பட்டன.

எண்ணைப் பெறுவதற்குப் படகுக்காரர் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போகவேண்டும். படகு எந்தக் கட்டுமானத் தளத்தில் கட்டப்பட்டது, இயந்திரம் எங்கே வாங்கியது, அதன் திறன் எவ்வளவு, உரிமையாளர் யார் என்பதற்கெல்லாம் தாள் காட்டவேண்டும். அதிகாரிகள் நேரில் வந்து நீள அகலத்தை அளப்பார்கள். அதன் பிறகே எண். அந்த எண் இருந்தால்தான் வரிவிலக்கு டீசல். பாக் நீரிணைக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகும் நாளில் வாங்குகிற அனுமதி டோக்கனும் அதை வைத்துத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில், கரையில் நிற்கிற படகுகளை ஆய்வுக் குழுக்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும். படகு கைமாறினால் உரிமையாளர் பெயர் மாறும், எண் மாறாது. எண் மனிதருக்கு உரியதாக இல்லாமல் கலத்துக்கு உரியதாக இருப்பது மிகச் சரியான ஏற்பாடு. கடலில் தேடப்படுவது கலம்தான்.

உள்நாட்டு நீர்நிலைகளுக்குத் தனிச் சட்டம் உண்டு. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம், இயந்திரம் பொருத்திய படகுக்குப் பதிவைக் கட்டாயமாக்குகிறது. இயந்திரமில்லாத கலங்களை உள்ளாட்சி அளவில் பதிந்துவைக்கவும் அதில் வழி இருக்கிறது. அணைகளிலும் பெரிய கண்மாய்களிலும் பரிசல் போட்டு மீன் பிடிக்கிற நம் சமவெளிக்கு, படகு எண் என்ற பேச்சு ஒருநாள் இந்த வழியாக வந்து சேரலாம்.

இனி, எண்ணைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்ற கேள்வி. கார் வாங்குகிறவர் கட்டணம் கட்டி விருப்ப எண் வாங்குவது நமக்குப் பழகிய காட்சி. கூட்டினால் இவ்வளவு வரவேண்டும் என்று பார்ப்பவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். பாய்மரப் படகுப் பந்தய உலகில் இது வேறு விதமாக இருக்கிறது. இந்த விளையாட்டுக்குத் தமிழ்நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. சென்னைத் துறைமுகத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் இயங்குகிறது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணனும், கே.சி. கணபதி–வருண் தக்கர் இணையும், வேலூர்க்காரரான விஷ்ணு சரவணனும் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டினார்கள். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா.

இந்தப் பந்தயங்களில் எண் பாயின் மீதே இருக்கும். உலகப் பாய்மர அமைப்பின் விதிநூலில் ‘ஜி’ என்ற பின்னிணைப்பு முழுவதும் இதைப் பற்றியதுதான். எந்த வகைப் படகு என்பதற்கான சின்னம், நாட்டைக் குறிக்கும் மூன்றெழுத்து, அதோடு எண். எண்ணைப் பெரும்பாலும் நாட்டின் பாய்மரச் சங்கமோ அந்த வகைப் படகுக்கான சங்கமோ ஒதுக்கும். நேத்ராவும் விஷ்ணுவும் ஓட்டிய லேசர் வகையில் வழக்கமாகத் தேர்வுக்கு இடமில்லை. தொழிற்சாலையில் படகின் ஓட்டின் மீது பதிக்கப்பட்ட வரிசை எண்தான் பாயின் எண்ணாகவும் ஆகும். அந்த வரிசை இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆறு இலக்கத்தை அலைகளுக்கு நடுவே யார் படிப்பது? அதற்கும் லேசர் வகைக்கான சங்கம் வழி கண்டிருக்கிறது. கடைசி நான்கு இலக்கத்தைக் கறுப்பு போன்ற அடர்நிறத்திலும், முன்னால் வருபவற்றைச் சிவப்பு போன்ற வேறு நிறத்திலும் ஒட்டவேண்டும். கண் தானாகவே கடைசி நான்கைப் பிரித்து எடுத்துக்கொள்ளும். பந்தயம் ஒன்றில் படகுகளைப் பிரித்தறிய அந்த நான்கே பெரும்பாலும் போதும்.

பந்தய முடிவுக் கோட்டில் உட்கார்ந்து எழுதுகிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒரே மாதிரியான நாற்பது படகுகள் சில நொடி இடைவெளியில் கடக்கும். ஒரு 3 என்பது 8 ஆகப் படிக்கப்பட்டால், முடித்தவர் முடிக்காதவர் ஆகிவிடுவார். அதனால்தான் விதி எழுத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் சொல்கிறது. மூன்றரை மீட்டர் வரையிலான படகுக்கு 230 மில்லிமீட்டர். எட்டரை மீட்டர் வரை 300. பதினொரு மீட்டர் வரை 375. அதற்கு மேல் 450. எழுத்துக்கு எழுத்து இடைவெளி தனி. எழுத்துரு ‘ஹெல்வெட்டிகா’ அளவுக்காவது தெளிவாக இருக்கவேண்டும் என்றும் ஒரு வரி இருக்கிறது. அழகுக்காகச் சாய்த்தும் சுழித்தும் எழுத இடமில்லை.

இந்த அளவுகள் எங்கிருந்து வந்திருந்தாலும், அவை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் கண் மருத்துவமனைச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையை வைத்தே கணக்கிடலாம். அந்தப் பலகையை 1862இல் வடிவமைத்தவர் ஹாலந்து நாட்டுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன். குறையில்லாத கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்துப் பார்க்கும் என்று அவர் கொண்டார். ஓர் எழுத்தின் கோடுகளையும் இடைவெளிகளையும் பிரிக்க, அந்த எழுத்து முழுதாக ஐந்து பங்கு உயரம் இருக்கவேண்டும். ‘6க்கு 6 பார்வை’ என்று மருத்துவர் எழுதித் தருவது இதைத்தான். கணக்குப் போட்டால், எழுத்து ஒரு மீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் வீதம் உயர்ந்திருக்கவேண்டும் என்று வருகிறது.

நம் கார்களின் எண் பலகையில் விதிப்படி எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர். ஆகவே நல்ல பார்வையும் நல்ல வெளிச்சமும் இருந்தால் ‘டிஎன் 57’ சுமார் 45 மீட்டரிலிருந்து தெரியும். சாலைக்கு அது போதும். சிறு பந்தயப் படகின் 230 மில்லிமீட்டர் எழுத்து சுமார் 160 மீட்டருக்கும், 300 மில்லிமீட்டர் எழுத்து சுமார் 200 மீட்டருக்கும், பெரிய படகின் 450 மில்லிமீட்டர் எழுத்து சுமார் 310 மீட்டருக்கும் எட்டும். இதெல்லாம் நிலத்தில் அசையாமல் நின்று பார்க்கிற கணக்கு. கடலில் பார்க்கப்படும் படகும் ஆடும், பார்க்கிறவரின் படகும் ஆடும்; நீர்த்திவலை, எதிர்வெயில், உப்புப் படிந்த கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் பாதி தூரம் கிடைத்தாலே நல்லது. அரை கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வெறுங்கண்ணால் படிக்கவேண்டுமானால் எழுத்து முக்கால் மீட்டர் உயரம் வேண்டும். தூரிகை தேய்ந்துபோகிற வேளையில் பெயர்ப் பலகை எழுதுகிறவர் கடைசி இரண்டு இலக்கத்தைச் சுருக்கி எழுதியிருப்பதைத் துறைமுகங்களில் பார்க்கலாம். படகில் சாமி பெயருக்கும் கட்சிக் கொடிக்கும் கிடைக்கிற அகலம் எண்ணுக்கும் கிடைக்கவேண்டும் என்பேன். சாமி பெயரைக் கரையில் நிற்கிறவர் பார்க்கிறார். எண்ணைப் பார்க்கிறவர் கடலில், அதுவும் சிக்கலான ஒரு நேரத்தில் பார்க்கிறார்.

பாயில் எண் எழுதுவதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பாய் மெல்லிய துணி. வெயில் பின்னால் இருந்தால் மறுபக்கத்து எழுத்து ஊடுருவித் தெரியும். இரு பக்கத்திலும் ஒரே உயரத்தில் எழுதினால் நேரெழுத்தும் கண்ணாடி எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து எதையும் படிக்க முடியாது. அதனால் வலப்பக்கத்து எண் மேலேயும் இடப்பக்கத்து எண் கீழேயும் இருக்கவேண்டும் என்பது விதி. எண் மேல் வரிசையில் நேராகத் தெரிந்தால் நாம் பார்ப்பது படகின் வலப்பக்கம் என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

நாட்டெழுத்துகளுக்கும் ஒரு கதை உண்டு. இன்று ஐஎன்டி, ஏயூஎஸ், ஜிபிஆர் என்று மூன்றெழுத்தாக இருப்பவை முன்பு ஓரெழுத்தும் ஈரெழுத்துமாக இருந்தன. பிரிட்டனுக்குக் ‘கே’. ஆஸ்திரேலியாவுக்குக் ‘கேஏ’. 1983இல் அமெரிக்கா கோப்பையை 132 ஆண்டுகளில் முதல்முறையாக அமெரிக்கர்களிடமிருந்து கைப்பற்றிய ‘ஆஸ்திரேலியா 2’ படகின் பாயில் இருந்தது ‘கேஏ 6’. எதிரே ஓடிய ‘லிபர்ட்டி’யில் ‘யுஎஸ் 40’. ஆஸ்திரேலியர்கள் அந்தக் ‘கேஏ 6’ஐ இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். குறுகிய எண்ணுக்கு இருக்கிற வலிமை இது: ஒருமுறை பார்த்தால் மனதில் நின்றுவிடும்.

தேர்வு செய்ய வாய்ப்புள்ளவருக்கு நான் சொல்லக்கூடியதும் இதிலிருந்து வருவதுதான். இலக்கம் குறைவாக இருக்கட்டும். 3, 8 இரண்டும் அடுத்தடுத்து வேண்டாம். கூர்மையாக எழுதாவிட்டால் 1ம் 7ம் ஒன்றாகிவிடும். 6, 9, 0, 8, 1 ஆகியவை மட்டும் கொண்ட எண்ணைத் தவிர்ப்பது நல்லது. படகு கவிழ்ந்து தலைகீழாகக் கிடக்கும்போது 106 என்பது 901 ஆகத் தெரியும், அதுவும் ஒரு முறையான எண்ணாகவே தெரியும். எழுத்துகளிலும் இதே ஆபத்து இருக்கிறது. ஐ என்ற ஆங்கில எழுத்து 1 போலவும் ஓ என்பது 0 போலவும் இருப்பதால் நம் வண்டி எண் வரிசைகளில் அந்த இரண்டும் வருவதில்லை. அமெரிக்காவில் படகின் ஓட்டில் பதிக்கப்படும் பன்னிரண்டு எழுத்து அடையாளத்தில் ஐ, ஓ, கியூ மூன்றையும் வரிசை எண்ணில் பயன்படுத்தக் கூடாது. நம் மீன்பிடிப் படகிலோ, எம்ஓ என்ற வகைக் குறியீட்டிலேயே அந்த ஓ வந்து உட்கார்ந்திருக்கிறது.

கண்ணைவிடக் காது இன்னும் எளிதில் ஏமாறும். கடலில் எண் பெரும்பாலும் வயர்லெஸ்ஸில்தான் கைமாறுகிறது. 1955இல் ஜார்ஜ் மில்லரும் பாட்ரீசியா நைஸ்லியும் பதினாறு ஆங்கில மெய்யொலிகளை இரைச்சலுக்கு நடுவே மக்களுக்குக் கேட்கவைத்து, எது எதுவாகத் தவறிக் கேட்கிறது என்று பட்டியலிட்டார்கள். மூக்கொலி என்பது இரைச்சலிலும் தெரிகிறது. ஆனால் அது ‘ம’வா ‘ன’வா என்பது தெரியாமல் போகிறது என்பது அதில் கிடைத்த முடிவுகளில் ஒன்று. இரண்டுக்கும் வேறுபாடு உதட்டை மூடுகிறோமா, நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வைக்கிறோமா என்பதில்தான் இருக்கிறது. அதைக் காட்டுகிற மெல்லிய ஒலிக்கூறுகளை இரைச்சல் முதலில் விழுங்கிவிடும். இப்போது நம் படகு வகைக் குறியீட்டைப் பாருங்கள்: எம்எம், என்எம். முப்பது நாற்பது அடிப் படகையும் ஒற்றைப் பாய் கட்டிய வள்ளத்தையும் பிரிப்பது, காதுக்கு மிகக் கடினமான அந்த ஒரு வேறுபாடுதான்.

விமானங்களும் கப்பல்களும் இதற்காகவே 1950களிலிருந்து எழுத்துக்கொரு சொல் வைத்துப் பேசுகின்றன. எம் என்பதற்கு ‘மைக்’, என் என்பதற்கு ‘நவம்பர்’. ஒன்று ஓரசை, மற்றது மூவசை, குழப்பமே வராது. மீனவர்களுக்கான கடல் பாதுகாப்புப் பயிற்சியில் இந்த இருபத்தாறு சொல்லையும் முழுதாகக் கற்றுத்தர முடியாவிட்டாலும், தங்கள் எண்ணில் வருகிற ஐந்தாறு சொல்லை மட்டுமாவது ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்யவேண்டும்.

எவ்வளவு பெரிதாக எழுதினாலும், எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் பிழை வந்தே தீரும். கணிதம் உள்ளே வருவது இங்கேதான். தவறே வராத எண்ணை உருவாக்க முடியாது. தவறு நேர்ந்தால் தானே காட்டிக்கொடுக்கிற எண்ணை உருவாக்கலாம். உலகின் பெரிய வணிகக் கப்பல்கள் அத்தனைக்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஏழிலக்க எண் உண்டு. 1987இல் ஏற்கப்பட்டு 1996இலிருந்து கட்டாயமானது. கப்பலின் பெயர் மாறலாம், கொடி மாறலாம், உரிமையாளர் மாறலாம். இந்த எண் கடைசிவரை மாறாது. அதில் முதல் ஆறு இலக்கம்தான் உண்மையான எண். ஏழாவது இலக்கம் காவலுக்கு நிற்பது.

எப்படி என்று பார்ப்போம். 9074729 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு இலக்கத்தை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கவேண்டும். 63, 0, 35, 16, 21, 4. கூட்டினால் 139. அதன் கடைசி இலக்கம் 9. கப்பல் எண்ணின் ஏழாவது இலக்கமும் 9. சரி. யாராவது பக்கத்துப் பக்கத்து இலக்கத்தை மாற்றி 9047729 என்று எழுதிவிட்டால்? 63, 0, 20, 28, 21, 4, கூட்டினால் 136. கடைசி இலக்கம் 6, ஆனால் எழுதியிருப்பது 9. எங்கோ தவறு என்று பதிவேட்டைத் திறக்காமலே தெரிந்துவிட்டது. அடுத்தடுத்த பெருக்கெண்கள் ஒன்றால் வேறுபடுவதால், பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுகிற எந்தப் பிழையும் இந்த முறையிடமிருந்து தப்பாது.

ஆனால் இந்தக் காவலில் ஓட்டை இருக்கிறது. மூன்றாவது இடத்து 7ஐ 5 ஆகப் படித்தால் கூட்டுத்தொகை 129 ஆகும். கடைசி இலக்கம் அதே 9. பிழை பிடிபடவில்லை. அந்த இடத்துப் பெருக்கெண் ஐந்து; ஐந்தை இரட்டைப்படை வேறுபாட்டால் பெருக்கினால் விடை பூச்சியத்தில் முடிவதால் வந்த வினை இது. 1969இல் ஹாலந்துக் கணிதவியலாளர் யாக்கோபஸ் வெர்ஹாஃப், மனிதர்கள் எண்களை எழுதும்போது உண்மையில் எப்படித் தவறுகிறார்கள் என்று தம் நாட்டு அஞ்சல் துறையின் பதிவுகளை வைத்து ஆராய்ந்தார். மிகப் பெரும்பான்மை, ஓர் இலக்கம் மட்டும் மாறுவது. அடுத்தது பக்கத்து இரண்டு இடம் மாறுவது. இந்த இரண்டு வகையையும் ஒன்றுகூட விடாமல் பிடிக்கிற ஒற்றைச் சோதனை இலக்கத்தை அவர் கண்டுபிடித்தார். ஐங்கோணத்தைச் சுழற்றியும் புரட்டியும் வைக்கிற பத்து வழிகளின் கணிதம் அது. உங்கள் ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் வெர்ஹாஃப் முறையில் வந்ததுதான். திண்டுக்கல்லில் ரேஷன் கடைக்குப் போகிறவரின் எண்ணுக்கு இந்தக் காவல் இருக்கிறது. நடுக்கடலுக்குப் போகிற படகின் எண்ணுக்கு இல்லை.

ஏன் இது எனக்குப் பெரிதாகப் படுகிறது என்றால், படகு எண் தவறினால் தவறுகிறது ஓர் உயிர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். பிழைத்த படகுகள் லட்சத்தீவு, கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் என்று கிடைத்த கரையில் ஒதுங்கின. எத்தனை பேர் காணவில்லை என்ற கணக்கே நாள்கணக்கில் தெளிவாகவில்லை. மொழி தெரியாத ஒரு துறைமுகத்தில், ஒதுங்கிய படகின் எண்ணை ஒருவர் தொலைபேசியில் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்ள, அது கன்னியாகுமரி மீனவர் ஊர்களான தூத்தூருக்கோ வள்ளவிளைக்கோ போய்ச் சேருகிறது. ஓர் இலக்கம் மாறினால் ஒரு வீட்டில் தவறான நம்பிக்கை, இன்னொரு வீட்டில் தேவையில்லாத அழுகை.

பாக் நீரிணையில் இலங்கைக் கடற்படை பிடித்த படகுகளின் எண்களும் இப்படித்தான் ஊருக்கு வருகின்றன. படகை மீட்க உரிமையாளர் ஆவணங்களோடு அங்குள்ள நீதிமன்றத்தின் முன் நிற்கவேண்டியிருக்கும். வழக்கில் எழுதப்பட்ட எண்ணும் கையிலுள்ள சான்றிதழின் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும்.

மின்னணுக் கருவிகள் வந்துவிட்டனவே, இனி எழுதிய எண் எதற்கு என்று கேட்கலாம். இஸ்ரோ உருவாக்கிய ஆபத்துச் செய்திக் கருவி படகிலிருந்து செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரிலுள்ள கட்டுப்பாட்டு மையத்துக்கும், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்கும் செய்தி சொல்கிறது. கப்பல்களின் தானியங்கி அடையாளக் கருவியில் ஒன்பது இலக்க எண் இருக்கும். 419 என்று தொடங்கினால் இந்தியக் கலம். எல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் கருவி சொல்வது கருவியின் எண்ணை. அது எந்தப் படகில் இருக்கிறது என்பதைச் சொல்வது பதிவேடு. பழுதான கருவிக்குப் பதில் மைத்துனர் படகிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டிக்கொண்டு போனால், தேடுகிற கப்பல் வேறொரு படகைத் தேடிக்கொண்டிருக்கும். மேலும் கருவி நின்றுபோன பிறகும் பெயின்ட் நிற்கும். 1554 என்ற கடலோரக் காவல்படை எண்ணுக்கு வீட்டிலிருந்து அழைக்கிற பெண் சொல்லப்போவதும் படகில் எழுதியிருக்கிற எண்ணைத்தான்.

தீர்வு கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. நம் மீன்பிடிப் படகின் எண்ணில் கரைக் குறியீடு இரண்டு இலக்கம், வரிசை எண் நான்கு. ஆக ஆறு. கப்பல்களின் ஏழாவது இலக்க முறை அப்படியே பொருந்துகிறது. அதைவிடச் சற்று நல்லதாகவும் செய்யலாம். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கத்தை எடுப்பதற்குப் பதில் 11 ஆல் வகுத்து மீதியை எடுத்தால், 11 பகா எண் என்பதால் மேலே சொன்ன ஓட்டை அடைபடும். எந்த ஓர் இலக்கம் மாறினாலும், எந்த இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் பிடிபடும். கற்பனையாகக் கரைக் குறியீடு 10, வரிசை எண் 4718 என்று வைத்துக்கொள்வோம். 7, 0, 20, 28, 3, 16, கூட்டினால் 74, 11 ஆல் வகுத்தால் மீதி 8. 4ம் 7ம் இடம் மாறி 7418 ஆனால் கூட்டுத்தொகை 77, மீதி பூச்சியம். எம்எம்முக்கு 1, எம்ஓவுக்கு 2, என்எம்முக்கு 3 என்று மதிப்பு கொடுத்து 8 ஆல் பெருக்கிச் சேர்த்தால் வகைக் குறியீட்டுக் குழப்பமும் மாட்டிக்கொள்ளும்: எம்எம் என்றால் மொத்தம் 82, மீதி 5, என்எம் என்று காதில் விழுந்தால் 98, மீதி 10.

மீதி 0 முதல் 10 வரை பதினொரு வகையாக வரும் என்பதால், அதை இலக்கமாக எழுதாமல் பதினொரு ஆங்கில எழுத்துகளில் ஒன்றாக எழுதுவது மேல். ஐ, ஓ, கியூ, எம், என் ஆகியவற்றை விட்டுவிட்டுப் பார்வைக்கும் காதுக்கும் ஒன்றுக்கொன்று விலகிய எழுத்துகளாகத் தேர்ந்துகொள்ளலாம். கடைசியில் எழுத்து நின்றால் அது வரிசை எண்ணின் ஐந்தாவது இலக்கமோ என்ற ஐயமும் எழாது. இருக்கிற எந்தப் படகின் எண்ணையும் மாற்றவேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ள எண்ணிலிருந்தே அந்த எழுத்து கிடைத்துவிடுவதால், பழைய சான்றிதழ்கள் செல்லாமல் போகப்போவதுமில்லை. ரியல்கிராஃப்ட் பதிவேட்டில் ஒரு கணக்கு வரியைச் சேர்த்தால் எல்லாப் படகுகளுக்கும் எழுத்து தயார்.

எழுதுவதற்குத் தனிச் செலவும் இல்லை. ஏப்ரல் 15க்குப் பிறகு விசைப்படகுகள் கரையேற்றப்பட்டு, பலகை மாற்றி, சாயம் பூசப்படுகின்றன. ஆய்வுக் குழு அளவுநாடாவோடு வருவதும் அந்த நாள்களில்தான். அந்தக் குழு கையில் எழுத்துப் பட்டியலையும் ஒரு 300 மில்லிமீட்டர் அச்சுத் தகட்டையும் கொண்டுவந்தால், ஒரே தடைக்காலத்தில் விசைப்படகுகளில் எழுதி முடித்துவிடலாம். பாய் கட்டிய வள்ளங்களுக்கும் கட்டுமரங்களுக்கும் தகடு சிறியதாக வேண்டும். மரத்தில் சாயம் ஒரு பருவம்கூட நிற்காத இடங்களில் எண்ணைப் பாயிலேயே, இரு பக்கமும் மேலும் கீழுமாக எழுதிக்கொள்ளலாம்.